மலைக்குக் கொடுத்த நம்பர்

பிள்ளைக்காம்பராவுக்கு மேலே, தேயிலைக்குள் ஒரு வெடிப்பு இருப்பதை முதலில் கண்டவர்கள் செடிகளை மட்டமாக்கிக் கவ்வாத்து வெட்டப் போன ஆண்கள். ஒருவன் கவ்வாத்துக் கத்தியை உள்ளே விட்டுப் பார்த்தானாம். பிடி வரைக்கும் இறங்கியதாம். பொழுது சாய்ந்து, வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு வந்ததும் அதை ஒரு வேடிக்கை போலச் சொன்னார்கள். கேட்டவர்களும் சிரித்தார்கள். நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய மகன் கிஷாந்துக்கு மூன்று வயது. பகல் முழுவதும் அவன் இருப்பது அந்த வெடிப்புக்கு நேர் கீழே, தகரக் கூரை போட்ட அந்த ஒற்றை அறையில்.

நோர்வூட்டைத் தாண்டி பொகவந்தலாவைப் பக்கம் போகும் பாதையில் அந்தத் தோட்டம் இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் தனுஜா. இன்னும் கலியாணமாகாத பெண். குரல் பெரியது, கோபம் சின்னது.

வெடிப்பைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். இரண்டு மரங்களில் சிவப்புப் பெயின்ட் பூசினார்கள். பெரிய மழை பெய்தால் கீழே யாரும் இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். பெரிய மழை என்றால் எவ்வளவு பெரிய மழை என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளை மாற்றுவதற்குத் தோட்டத்தில் இருந்த ஒரே கட்டடம் உர ஸ்டோர். உரம் இருக்கிறவரை அதில் பிள்ளைகளை விட முடியாது. உரத்தை எடுத்தால் வைக்க வேறு இடம் இல்லை. அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

நாகலெட்சுமியின் பயம் மட்டும் நிற்கவில்லை. மலையில் நிற்கும்போது அவள் நிரையை விட்டு விலகி, கீழே அந்தத் தகரக் கூரை தெரியும் இடத்துக்கு வந்து வந்து பார்ப்பாள். மூடுபனி இறங்கிக் கூரை மறைந்ததும், கை கொழுந்தை விட்டு முற்றிய இலையைப் பறிக்கும்.

"என்னாடி, கூடையில கரட்டு எலையா கெடக்குது?" என்று பக்கத்து நிரையில் நிற்கும் அழகம்மா கேட்பாள். "ஒம் மனசு மலையிலயே இல்ல."

"மலையிலதான் அக்கா இருக்கு. வேற மலையில."

கலியாணத்துக்கு முன்பு நாகலெட்சுமி கொழும்பில் முத்துலிங்கம் என்பவரின் போன் திருத்தும் கடையில் வேலை செய்தாள். கூட்டவும் தேத்தண்ணி ஊற்றவும்தான் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே செத்த போன்களிலிருந்து உயிருள்ள பாகங்களைக் கழற்றி எடுத்து வேறு போனுக்கு வைப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவளும் கழற்றினாள்; பிறகு ஈயம் வைத்து ஒட்டினாள். கடைசியில் முத்துலிங்கம் ஒட்டியது விட்டுப்போனால் அவளிடம் கொடுத்தார். ஒரு பொருளைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதில் இன்னும் எது வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அந்தக் கடையில் பிடித்த பழக்கம்.

லயத்தில் அவள் அறையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் தெரியும். திரை உடைந்த லெப்டொப் ஒன்று, மூடியும் இல்லாமல் பிஸ்கட் டின்னுக்குள் படுத்திருக்கும். ஹட்டனில் ஒரு கடைக்காரர் எறியப் போன ரவுட்டரை வாங்கி வந்து அதோடு இணைத்திருந்தாள். இன்டர்நெட் கிடையாது. ஆனால் லயத்தில் யாரும் தங்கள் போனை அதில் பிடித்துப் பிள்ளைகளின் பாட்டு, பழைய பரீட்சைத் தாள்கள், கோயில் திருவிழா வீடியோ எல்லாம் பார்க்கலாம். த்ரீவீல் ஓட்டும் பிரதாப் இதைச் சொல்லியே அவளைச் சீண்டுவான்.

"அக்காவோட வைஃபைல முருகன் மட்டுந்தான் ஒன்லைன்ல இருக்காரு."

"அவராச்சும் இருக்காரே. ஒன் போன் மாசம் பூரா ஓஃப்லைன்தான்."

வெடிப்புக்கும் அவள் தன்னிடம் இருந்தவற்றைக் கொண்டே ஒரு வழி செய்தாள். எரிந்துபோன மின்விசிறி மோட்டரிலிருந்து மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தெடுத்தாள். வெடிப்பின் மேல்பக்கம் ஓர் இரும்பு முளை, கீழ்ப்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கம்பியை இழுத்துக் கட்டினாள். ஆட்டுக்கால் பட்டு அறுந்துவிடக் கூடாது என்று உடைந்த தண்ணீர்க் குழாய்த் துண்டுகளுக்குள்ளால் அதை விட்டாள். கம்பியின் நுனிகள் பக்கத்தில் வைத்த ஒரு சின்னப் பெட்டிக்குள் போயின. கம்பியில் மின்சாரம் ஓடும்வரை அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற காந்தச் சுவிட்ச் விழாது. மண் நகர்ந்து கம்பி அறுந்தால் ரிலே விழும். விழுந்ததும் வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் கூட்டில் மாறி மாறி மின்னும் விளக்குகளுக்கு வருமே, அந்தச் சின்ன சர்க்கிட் ஓடத் தொடங்கும். விளக்குகளுக்குப் போக வேண்டிய அதன் வயர்களை ஒரு பழைய பட்டன் போனின் இரண்டு, மூன்று, நான்கு என்ற பொத்தான்களுக்கு அடியில் ஒட்டியிருந்தாள். இரண்டை அழுத்தினால் தனுஜாவுக்கு அழைப்புப் போகும், மூன்று பிரதாப்புக்கு, நான்கு அவளுக்கே. மாறி மாறி, யாராவது வந்து நிறுத்தும்வரை.

அந்தப் போனுக்கு ஒரு சிம் வேண்டியிருந்தது. புதிதாக எடுப்பதற்கு அவள் போகவில்லை. இரண்டு நம்பர் வைத்திருந்தாள். அதில் பழைய நம்பரைப் பெட்டிக்குக் கொடுத்தாள். மற்ற நம்பரைப் போலவே அந்த நம்பரும் லயத்தில் எல்லாருடைய போனிலும் நாகு அக்கா என்று ஏற்கெனவே இருந்தது. யாரும் புதிதாகப் பதிய வேண்டியதில்லை. அது அவளுக்கு நல்லதாகவே பட்டது.

பரீட்சித்துப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடினார்கள். அவள் மேலே நின்று கம்பியைக் கழற்றிவிட்டு, "இப்ப வருது, எடுங்க!" என்று கத்தினாள். தனுஜாவின் போன் அடித்தது, எடுத்தாள். பிரதாப்பின் போன் அடித்தது, எடுத்தான்.

"ஹலோ, மலைங்களா?" என்றான் பிரதாப். "வர்றதுக்கு முன்ன ஒரு கோல் போட்டுட்டு வாங்க. சோறு ஆக்கி வைக்கிறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். தனுஜாவும் சிரித்தாள். "வெளையாட்டு இல்லடி," என்றாள் நாகலெட்சுமி. "இந்த நம்பர்ல இருந்து கோல் வந்தா ஒண்ணும் பாக்கக் கூடாது. புள்ளைங்கள எடுத்துக்கிட்டு கோயிலுக்கு ஓடணும்."

"ஓடுறேங்க்கா. செருப்பு கூட போட மாட்டேன்."

உடைந்த கண்ணாடியுள்ள ஒரு பெரிய போனையும் அவள் வெடிப்புக்கு எதிரே, எண்ணெய்க் கேனுக்குள் வைத்துக் கட்டியிருந்தாள். அது அவ்வப்போது படம் பிடித்துப் பிஸ்கட் டின்னுக்கு அனுப்பும். பக்கத்தில் அளவுகோலாக ஓர் அடிமட்டம் நட்டிருந்ததால் வெடிப்பின் அகலம் படத்திலேயே தெரியும். மற்ற அறைகளில் நாடகம் ஓடும் நேரத்தில் நாகலெட்சுமியின் பழைய டீவியில் வெடிப்பு ஓடியது. காலையில் எடுத்தது, மத்தியானம் எடுத்தது, பின்னேரம் எடுத்தது. வித்தியாசம் ஒரு நூல் அளவு இருக்கும். சிலநாள் அதுவும் இருக்காது. அவள் டீவிக்கு முகத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பாள்.

ஒருநாள் கிஷாந்த் மடியிலிருந்து எழுந்துபோய் டீவியைத் தொட்டான்.

"அம்மா, வாய் தொறக்குது."

அவள் டீவியை அணைத்தாள். அதன்பிறகு அவன் தூங்கிய பின்தான் பார்த்தாள். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் கணவன் ஜெயகாந்தனிடம் சொன்னபோது, "பயந்தா வேலைக்குப் போகாம புள்ளையோட வீட்ல இரு," என்றான். அவனுக்கும் தெரியும், அப்படி இருக்க முடியாது என்று.

பிறகு மழை வந்தது. தொடங்கியபோது அதுவும் மற்ற மழைகளைப் போலத்தான் இருந்தது. நாள்கள் போகப் போக ஆறு நிறம் மாறி, நோர்வூட் பஸ் நின்று நின்று ஓடியது. எண்ணெய்க் கேனிலிருந்து வந்த படங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. மூடுபனியைத் தவிர ஒன்றும் இல்லை. அடிமட்டம் கூடத் தெரியவில்லை. தெரிந்தபோது இருந்த பயத்தைவிடத் தெரியாதபோது வந்தது பெரிது. அன்று காலை, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டில், பிள்ளையோடு வீட்டில் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு முன் நின்றவள் அதையே கேட்டு ஏச்சு வாங்கினாள். நாகலெட்சுமி வாயை மூடிக்கொண்டாள். வழக்கத்தில் அவள் போனில் காசு இருக்காது. அன்று மட்டும் ரீலோட் போட்டு, போனைப் பொலித்தீனில் சுற்றி சட்டைக்குள் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

பின்னேரம் கொழுந்து நிறுக்கும் நேரம். மழையில் ஒருவரையொருவர் தெரியாமல் எல்லாரும் தராசைச் சுற்றி நின்றார்கள். சட்டைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அவளுடைய பழைய நம்பர்.

பட்டனை அழுத்திக் காதில் வைத்தாள். யாரும் பேசவில்லை. பேச யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பெட்டியின் மூடியில் மழை விழும் சத்தம் கேட்டது. அதற்கும் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. ஈரச் சாக்கை யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு போவது போல. அது நின்றது. திரும்பவும் இழுபட்டது.

அவள் கூடையைக் கழற்றிவிட்டாள்.

பெட்டி முதலில் தனுஜாவைத்தான் கூப்பிட்டிருக்கும், பிறகு பிரதாப்பை, கடைசியில்தான் தன்னை. அப்படியென்றால் தனுஜா இதற்குள் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போயிருப்பாள். அந்த நினைப்பில் ஒரு மூச்சு விட்டாள். உறுதி செய்துகொள்ளத் தன் போனிலிருந்து தனுஜாவை அழைத்தாள். ஒரு மணி அடித்தது, கட் ஆனது. மறுபடி அழைத்தாள். ஒரு மணி, கட்.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

லயத்தில் யாரும் மற்றவரின் காசைச் செலவழிக்க மாட்டார்கள். கூப்பிடுகிறவர் காசில்லாதவர் என்றால், எடுக்காமல் கட் பண்ணிவிட்டுத் தன் காசில் திரும்பக் கோல் எடுப்பது மரியாதை. இத்தனை வருடமும் நாகு அக்கா என்று திரையில் வந்தால் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அவளும் அதற்காகத்தான் மிஸ்கோல் கொடுத்தாள். அந்தப் பெயரைக் கண்டால் கை சிவப்புப் பொத்தானுக்குத் தானாகப் போகும். பரீட்சித்த அன்று எல்லாரும் எடுத்தார்கள் என்றால், அவள் பக்கத்தில் நின்று கத்தியதால் எடுத்தார்கள். இன்று தனுஜா கட் பண்ணியிருக்கிறாள். கட் பண்ணிவிட்டு மலைக்குத் திரும்ப அழைத்திருக்கிறாள். மலையில் அந்தப் போன் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அது அடித்த நேரமெல்லாம் வேறு யாரையும் கூப்பிட முடியாமல் இருந்திருக்கிறது.

மறுபடி தனுஜாவை அழைத்தாள். இப்போது வேறு அழைப்பில் இருப்பதாகக் குரல் சொன்னது. தனுஜா இவளைத்தான் திரும்ப அழைக்கிறாள். இவள் நிறுத்தினாள், அவளும் நிறுத்தியிருப்பாள். இவள் அழைத்தாள், அவளும் அழைத்தாள். மழைக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கும் லைன் கிடைக்கவில்லை. சும்மா இருந்தால் அவள் அழைப்பு வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே தனுஜாவும் அதையே நினைத்துப் பேசாமல் இருந்திருக்க வேண்டும். போன் அடிக்கவில்லை. விரல்கள் விறைத்துப் பொத்தான்கள் வழுக்கின.

"என்னாடி, ஏன் அந்தப் போன போட்டு அமுக்கிக்கிட்டே நிக்கிற?" என்றாள் அழகம்மா.

"புள்ளைக்காம்பரா... மலை வருது அக்கா... எடுக்க மாட்டேங்குறா..."

ஓடினால் கீழே போய்ச் சேர நேரமாகும். பாதை சுற்றிக்கொண்டு போகிறது. தராசுக்கு அந்தப் பக்கம் குடைக்குள், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு றோலண்ட் நின்றுகொண்டிருந்தார். மலையில் போன் வைத்திருந்தால் பறித்துவிடுவேன் என்று சொல்கிறவர். அவர் முன்னால் குரல் உயர்த்தி நாகலெட்சுமி ஒருநாளும் பேசியதில்லை. இப்போது போய் அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயா, ஒங்க போன்ல தனுஜாவுக்கு ஒரு கோல் எடுங்கய்யா."

"ஏன், ஒன் போனுக்கு என்னாச்சு?"

"என் கோல கட் பண்ணுறா. ஒங்க கோல யாரும் கட் பண்ண மாட்டாங்கய்யா!"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்தார். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் மறுபக்கம் குரல் வந்தது. ஸ்பீக்கரில் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா! வணக்கங்கய்யா! சொல்லுங்கய்யா!"

"தனுஜா, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு கோயிலுக்கு ஓடு. இப்பவே."

"சரிங்கய்யா."

எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. போன் கீழே விழும் சத்தம் கேட்டது. "எல்லாரும் என் சீலைய புடிங்க! சீலைய விட்டா அடிதான்!" என்று அவள் கத்துவது கேட்டது. பிறகு பிள்ளைகளின் அழுகை. பிறகு அது தூரப் போனது. றோலண்ட் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெறும் அறையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. லைன் அறுந்துவிட்டது என்றார்.

மற்றவர்கள் பின்னால் வந்தார்களா என்று நாகலெட்சுமிக்குத் தெரியாது. வாய்க்காலுக்குள் இறங்கி, தேயிலைகளுக்கு நடுவே விழுந்து எழுந்து ஓடினாள். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்கு அவிழ்ந்து காலில் சுற்றியது, அறுத்து எறிந்தாள். பாதி வழியில் அந்தச் சத்தம் காற்றில் வந்தது. போனில் கேட்ட அதே சத்தம், இப்போது மிகப் பெரியதாக. அதோடு தகரம் மடங்கும் ஓசையும் வந்தது. அப்புறம் மழை மட்டும்.

தனுஜா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்பது அந்த ஓசையில் இல்லை.

கோயிலுக்கு வந்தபோது பிள்ளைகள் தூண்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு எண்ணத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்தாள். அவன் இல்லை. அந்த முகமும் அவன் இல்லை. தனுஜா இந்தப் பக்கம் திரும்பினாள். அவள் இடுப்பில், தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிஷாந்த் இருந்தான்.

"என் பிஸ்கட் அங்கன இருக்கு," என்றான் தாயைக் கண்டதும். "அக்கா எடுக்க விடல."

பிள்ளைக்காம்பராவின் முன்சுவர் மட்டும் நின்றது. தொட்டில் கட்டிய வளைமரத்தோடு கூரை பாதைக்கு வந்திருந்தது.

மகனை வாங்கிக்கொண்ட பிறகுதான் நாகலெட்சுமிக்குக் கோபம் வந்தது. "எதுக்குடி கட் பண்ணுன? சொன்னேனா இல்லியா, அந்த நம்பர் வந்தா ஓடுன்னு?"

தனுஜா அழுதாள். "பாவம், காசு போகுமேன்னுதாங்க்கா. ஒங்க பேரு வந்துச்சு. கை தானா போயிருச்சு. திருப்பி கோல் போட்டேன், நீங்க எடுக்கல. புள்ளையோட வேலையா இருப்பீங்கன்னு..." சொல்லிக்கொண்டே போனவள், அந்தப் பிள்ளை தன்னிடம்தான் இருந்தது என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்தினாள்.

ஹட்டனில் த்ரீவீலோடு மழையில் மாட்டிக்கொண்ட பிரதாப் பின்னால் வந்து சொன்னதும் அதேதான். கட் பண்ணிவிட்டு மலைக்குத் திரும்ப அழைத்திருக்கிறான். அன்று அவன் எந்தப் பகிடியும் விடவில்லை.

கொஞ்ச நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்துவிட்டு லயத்துக்குத் திரும்பினார்கள். உர ஸ்டோரிலிருந்து உரம் வெளியே போனது. அது போவதற்குக் கடைசியில் வேறு இடம் இருக்கத்தான் செய்தது. கழுவி, வெள்ளையடித்துப் பிள்ளைகளை அங்கே வைத்தார்கள். அதற்கு மேலேயும் ஒரு மலைதான் இருக்கிறது. நாகலெட்சுமி ஏறிப் பார்த்தாள். வெடிப்பு இல்லை. இல்லை என்று அவளால் நம்ப முடியவில்லை. மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த பெட்டியில் எது இன்னும் வேலை செய்கிறது என்று பார்த்தாள். ரிலே போயிருந்தது, போன் இருந்தது. மறுபடி கட்டினாள். ஆனால் அந்தப் போனிலிருந்து தன் சிம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஒரு காலை பெரட்டு முடிந்ததும் றோலண்ட் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, ஒங்ககிட்ட ரெண்டு நம்பர் இருக்குதானே. ஒண்ண குடுங்கய்யா."

"எதுக்கு?"

"மலைக்குங்கய்யா."

அவர் யோசித்தார். "வேலைக்கு வரலன்னு சொல்றதுக்கு நீங்கள்லாம் கோல் போடுவீங்களே, அந்த நம்பர எடுத்துக்க. அது போனா எனக்கு நிம்மதி." சிம்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவள் திரும்பும்போது கேட்டார். "அது கூப்புட்டா நானும் ஓடணுமா?"

"ஒங்க பங்களாவுக்கு மேலயும் மலைதானேங்கய்யா இருக்கு."

அவர் திரும்பித் தன் பங்களாவுக்கு மேலே பார்த்தார்.

பெட்டி அதன்பிறகு தானாக அழைக்கவில்லை. அழைக்காமல் இருப்பது மண் நகரவில்லை என்பதாலா, பெட்டி செத்துவிட்டது என்பதாலா? அந்தக் கேள்வி அவளைத் தூங்க விடுவதில்லை. அதனால் தினமும் பெரட்டுக்குப் போகும் முன் ஏறிப்போய்க் கம்பியைக் கழற்றுகிறாள். கீழே உர ஸ்டோரில் தனுஜாவின் போன் அடிக்கிறது. இது பரீட்சைதான், அந்த நேரத்துக்கு வருவது பரீட்சைதான் என்று தனுஜாவுக்குத் தெரியும். மற்ற எந்த நேரத்தில் வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். என்றாலும் திரையில் கண்டாக்கையா என்று வந்ததும் எழுந்து நின்றுவிடுகிறாள். முதல் மணியிலேயே எடுக்கிறாள்.

"ஐயா, புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்கய்யா."

மேலே பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் நாகலெட்சுமிக்கு அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கிறது. தனுஜாவின் குரலுக்குப் பின்னால் கிஷாந்தின் சத்தம் வரும்வரை இருக்கிறாள். வந்ததும் கம்பியை மாட்டிவிட்டு, போனின் வெளிச்சம் அணைகிறதா என்று பார்த்துக்கொண்டு, பெரட்டுக்கு இறங்கிக் கொழுந்து மலைக்குப் போகிறாள்.